காஸ்ட் அயர்ன் புல்லட் 350: 'ஃபுல் இன்ஜின் கிட்' வாங்கலாமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் பழைய புல்லட் 350-க்கு 'ஃபுல் கிட்' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். பிஸ்டன், ரிங், பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) கிட், இரண்டு வால்வு, கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்), ஸ்பிரிங், ஆயில் சீல், பேக்கிங் செட் எல்லாம் ஒரே பெட்டியில். முதல்முறை இன்ஜின் இறக்குபவர்களைக் கணக்கில் வைத்தே கட்டிய சரக்கு இது. பாதிப் பெட்டி நல்ல பேரம்தான். மீதியை, இன்ஜினைப் பிரித்து அளந்து பார்க்கும்வரை வாங்கவே கூடாது.

முதல் சிக்கல் பிஸ்டன். பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது ஸ்டாண்டர்டு சைஸ், அதாவது 70 மி.மீ. போருக்கானது (போர் என்றால் சிலிண்டர் துளை). முப்பது நாற்பது வருஷம் ஓடிய பிளாக் ஒரு தடவையாவது போர் போடாமல் (துளையைக் கடைந்து பெரிதாக்காமல்) இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. பிளாக்கைக் கழற்றி போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் அதிகம் இருப்பது மேல் ரிங் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. ரிங் ஏறாத விளிம்பில் அளந்துவிட்டு 'போர் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். 5 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 5 தௌ 0.13 மி.மீ.) வித்தியாசம் தாண்டிவிட்டால் அடுத்த ஓவர்சைஸுக்குப் போவதே புத்திசாலித்தனம். ஓவர்சைஸும் தீர்ந்துபோன பிளாக் என்றால் ஸ்லீவ் இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். அப்போதுதான் பெட்டியில் உள்ள பிஸ்டனுக்கு வேலை.

பிஸ்டனை வாங்கிக் கையோடு லேத்துக்குக் கொண்டுபோங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் போர் போட வேண்டும், பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அல்ல. கஜன் பின்னுக்குக் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்) குறுக்காக, பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) அடியில் அளந்து, 3 முதல் 4 தௌ கிளியரன்ஸ் கேளுங்கள். பல லேத்துகளில் '2 தௌ போதும், டைட்டாக இருந்தால்தான் ரொம்ப நாள் வரும்' என்பார்கள். காற்றில் மட்டும் குளிரும் இரும்பு பிளாக்கில் அலுமினியப் பிஸ்டன் இரும்பைவிட அதிகம் விரியும். டைட்டாகப் போட்டால் முதல் நெடுஞ்சாலை ஓட்டத்திலேயே ஜாம் ஆகும். போர் முடிந்ததும் ஹோனிங் கோடுகள் குறுக்குமறுக்காகத் தெரிய வேண்டும். அதன் பிறகு மண்ணெண்ணெயில் துடைத்தால் போதாது. சோப்பும் வெந்நீரும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை கழுவ வேண்டும். ஹோன் கல்லின் தூள்தான் அது, புது ரிங்கைத் தின்றுவிடும்.

ரிங் கேப்பை யாரும் பார்ப்பதில்லை. ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் ஓர் அங்குலம் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் வையுங்கள். 11 தௌவுக்குக் குறைந்தால் முனையை நைஸ் அரத்தில் மெல்ல ராவ வேண்டும்.

அடுத்தது பிக் எண்ட். காஸ்ட் அயர்ன் 350-இல் கம்பெனி போட்டது ரோலர் அல்ல, ஃப்ளோட்டிங் புஷ். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று தட்டினால் மாற்ற வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து நல்ல கிராங்கைப் பிரிக்காதீர்கள். ஏனென்றால் ஃப்ளைவீலைப் பிரிப்பது வீட்டு வேலை இல்லை. பிரஸ்ஸில் பிரித்து, பின் மாற்றி, கோர்த்து, இரண்டு பக்க ஷாஃப்ட்டிலும் டயல் கேஜ் வைத்து 2 தௌவுக்குள் கொண்டுவரத் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் சுத்தியலால் தட்டி 'கண்ணளவில்' நேராக்கும் கடையை விட்டு விலகுங்கள். ரோலர் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார். 18 குதிரைத்திறன் வண்டியை 60, 70 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவருக்கு எண்ணெய் சரியாகப் போனால் ஃப்ளோட்டிங் புஷ்ஷே போதும்.

வால்வும் கைடும் பெட்டியில் உள்ளவையே பரவாயில்லை. ஹெட் அலுமினியம், சூடாக்காமல் கைடைத் தட்டினால் துளை கீறிவிடும். கைடு மாற்றினால் சீட்டையும் மறுபடி கட்டிங் போட்டே ஆக வேண்டும், வெறும் கிரைண்டிங் பேஸ்ட்டால் சமாளிக்க முடியாது.

பேக்கிங் செட்தான் இந்தப் பெட்டியின் உண்மையான லாபம். ஆனால் ஒவ்வொரு பேப்பரையும் அதனதன் இடத்தில் வைத்து எண்ணெய்த் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். டைமிங் கவர் பேக்கிங்கில் ஒரு துளை பாதி மூடியபடி வெட்டியிருப்பது அபூர்வம் இல்லை. பிளேடால் சரிசெய்யலாம். அதே செட்டின் அடியில் ஒரு சின்ன கார்க் வளையம் கிடக்கும், பேக்கிங் தூளோடு சேர்ந்து குப்பைக்குப் போகிற அளவு சிறியது. பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய் டைமிங் கவர் வழியாகக் கிராங்கின் முனைக்குள் நுழையும் இடத்தை அடைப்பது அதுதான். பழையது நசுங்கியிருந்தால், எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் பெட்டியிலேயே வழிந்துவிடும். புதியதை எண்ணெயில் ஊறவைத்து, கவர் மூடும்போது சற்று அமுங்கும்படி எம்பி நிற்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அந்தப் பக்கம் அனபாண்டை (கசிவை அடைக்கும் பசை) தாராளமாகப் பூசுவதும் கூடாது. பிதுங்கிய பிசின் எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

பெட்டியில் இல்லாத ஒன்று ஆயில் பம்ப். அதன் டிஸ்க் முகங்களில் கோடு விழுந்திருந்தால் மிக நைஸான பேஸ்ட்டில் லேப் செய்து, துளி பேஸ்ட் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். பம்ப்பை ஓட்டும் வொர்ம் நட் லெஃப்ட் த்ரெட். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பழைய வண்டிகளில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவு என்பதால் மெட்ரிக் ஸ்பானர் முனைகளைத் தின்றுவிடும். கிட்டில் மிச்சப்படுத்தும் காசில் ஒரு விட்வொர்த் ஸ்பானர் செட் வாங்குங்கள்.

மாட்டிய பிறகு பாயின்ட் கேப் (இக்னிஷன் தொடுமுனைகளின் இடைவெளி) 0.35 முதல் 0.40 மி.மீ., டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முழு ரிடார்டில், அதாவது மிகவும் பிந்திய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். டேப்பெட்டை (வால்வு இடைவெளியை) இன்ஜின் ஆறியிருக்கும்போது, புஷ்ராடு விரலால் சுழலும், ஆனால் மேலும் கீழும் ஆடாது என்ற நிலையில் வையுங்கள். 20டபிள்யூ50 எண்ணெய் ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு நன்றாகக் கிக் அடித்து, ஹெட்டில் உள்ள ராக்கருக்குப் போகும் குழாயின் பாஞ்சோ போல்ட்டை (எண்ணெய் உள்ளே செல்லும் துளை போல்ட்) சற்றுத் தளர்த்துங்கள். அங்கே எண்ணெய் கசியாத வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

பல நாள் நின்ற வண்டியில் எண்ணெய் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும், முதல் சில நிமிடம் புகை தள்ளும். அதைப் பார்த்து ரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். பிறகும் ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும் நீலப்புகை வந்தால் கைடு. இழுக்கும்போது விடாமல் வந்தால்தான் ரிங். முதல் 500 கி.மீ. 50-ஐத் தாண்டாமல் ஓட்டி, எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளைக் குறுக்காக ஒரு சுற்று இறுக்கி, டேப்பெட்டை மறுபடி சரிபாருங்கள்.