வேலூர் வெயிலில் வேன் கூரை: வளையும் பேனலா, கண்ணாடி பேனலா?

வளையும் சோலார் பேனலை வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு வளைக்கலாம்?" என்பதுதான். வேலூர்க்காரர்கள் கேட்க வேண்டியது வேறு: "இதை ஒட்டிவிட்டால் அடியில் காற்று எப்படிப் போகும்?" ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். ஆண்டின் பெரும்பகுதி மணலையே காட்டிக்கொண்டிருக்கும் பாலாறு. ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் போய் இரவு தங்குவதற்காக வேனைத் தயார் செய்கிறவர், மலையின் குளிரை மனத்தில் வைத்துப் பேனல் வாங்குகிறார். ஆனால் அந்த வேன் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டுதான் நிற்கப் போகிறது.

இரண்டு பேனலுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: வெயிலை மின்சாரமாக்கும், 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட சிலிக்கான் தகடுகள். கண்ணாடி பேனலில் அவற்றின் மேல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனில் கடினமாக்கப்பட்ட கண்ணாடி, சுற்றிலும் அலுமினியச் சட்டம். வளையும் பேனலில் கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை. மேலும் கீழும் பிளாஸ்டிக் படலம் மட்டுமே. வளைவது அந்தப் பிளாஸ்டிக்தான். சிலிக்கான் ஓரளவு வளைந்து கொடுக்கும், அதற்கு மேல் முறியும். முறிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மயிரிழை விரிசலாக உள்ளேயே கிடக்கும். தூக்கும்போது நடுவில் தொய்ந்தால், கூரையேறி ஒரு முறை முழங்காலை ஊன்றினால், அந்த விரிசலுக்கு அதுவே போதும். மெல்லிய படலமாகப் படியவைத்துச் செய்யப்படும் பேனல்களும் உண்டு. அவை உண்மையிலேயே வளைபவை. நம் கடைகளில் வளையும் பேனல் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த வகை அல்ல.

விரிசல் விழுந்த தகடு மற்றவை தரும் மின்னோட்டத்தைக் கடத்த முடியாமல் தானே சூடேறும். அந்த ஒரு புள்ளி மட்டும் கொதித்து, பிளாஸ்டிக் பழுப்பேறி, சில நேரம் ஓட்டையே விழுந்துவிடும். கண்ணாடி பேனலிலும் இது நடக்கலாம். ஆனால் கண்ணாடி தீப்பிடிக்காது, கூரைக்கும் அதற்கும் நடுவில் இடைவெளியும் இருக்கும். வளையும் பேனல் கூரையோடு ஒட்டிக் கிடக்கிறது. கூரைக்கு அடியில் பிளைவுட், ஃபோம் எல்லாம் வைத்துக் கட்டிய வேனில் அந்தக் கொதிப்பு எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி வெப்பத்தின் கணக்கு. பேனலில் எழுதியிருக்கும் 100 வாட் என்பது தகடு 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். காற்று போகாமல் ஒட்டிய பேனல் 75 டிகிரிக்கு ஏறியது என்று வையுங்கள். 18 முதல் 20 வாட் போய்விட்டது. காற்றோட்டமுள்ள பேனல் 60 டிகிரியில் நின்றால் 12 முதல் 14 வாட் போகும். வித்தியாசம் ஐந்தாறு வாட்தான், அதற்காக யாரும் அழ வேண்டாம். விஷயம் ஆயுளில் இருக்கிறது. பத்து டிகிரி ஏறினால் வேதிச் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. பசையும் மேற்படலமும் அந்த வேகத்தில்தான் கெடுகின்றன. போதாததற்குப் பிளாஸ்டிக், சிலிக்கானைவிடப் பல மடங்கு விரியக் கூடியது. பகலில் வேலூரில் கொதித்து, இரவில் ஏலகிரியில் குளிர்ந்து, மறுநாள் மீண்டும் கொதிக்கும்போது, தகடுகளை இணைக்கும் மெல்லிய உலோக நாடாக்கள் இழுபட்டு இழுபட்டு அறுகின்றன. கண்ணாடி விரிவது இவ்வளவு இல்லை. அதனால் அங்கே இழுப்பும் குறைவு.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதே இல்லை. சட்டம் போட்டு உயர்த்திப் பொருத்திய கண்ணாடி பேனல் கூரைக்குப் பந்தல் போட்டதுபோல் நிழல் தருகிறது. ஒட்டிய பேனலோ தான் வாங்கிய வெயிலை அப்படியே தகரத்துக்குள் இறக்குகிறது. மின்சாரம் எடுப்பதே உள்ளே மின்விசிறி ஓடத்தான் என்னும்போது, அந்த மின்விசிறிக்கு வேலையைக் கூட்டுகிற பேனலை மேலே வைப்பானேன்?

மேற்பரப்பைப் பொறுத்தவரை, மலிவான வளையும் பேனல்களின் மேல் இருப்பது பெட் எனப்படும் சாதாரணப் பிளாஸ்டிக். வெயிலில் சில ஆண்டுகளுக்குள் மஞ்சளித்து, மங்கி, உரிய ஆரம்பிக்கும். இ.டி.எஃப்.இ என்ற படலம் இருப்பவை விலை கூடியவை, நிச்சயமாக மேலானவை. வளையும் பேனல்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர் இதற்குக் குறைவாக எதையும் தொடவே கூடாது. ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கும் கீறலுக்குக் கண்ணாடி ஆகாது. புளியமரக் கிளை உரசும், புழுதியை உலர்ந்த துணியால் துடைத்தால் தேயும். மலையில் வண்டியை நிறுத்தினால் கூரையில் குரங்கு குதிக்காது என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

கண்ணாடி பேனலுக்கும் குறை உண்டு. 100 வாட் பேனல் ஆறு முதல் எட்டு கிலோ வரை இருக்கும். வளையும் பேனல் இரண்டு கிலோ சொச்சம்தான். இரண்டு பேனல் போட்டால் எட்டு முதல் பன்னிரண்டு கிலோ வரை வித்தியாசம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கூரைப் பாரம் வண்டியைச் சாய்க்கும் என்று பயமுறுத்துகிறார்கள். நாம் கூரையில் கட்டும் மூட்டை முடிச்சுகளுக்கு முன் இது ஒரு பாரமா? உண்மையான ஆபத்து காற்று. பெங்களூர் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது, முன்பக்கம் காற்றுத் தடுப்பு இல்லாத பேனலைக் காற்று அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். போல்ட் போட்ட துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால் ஐப்பசி மழையில் மெத்தை நனையும். இரண்டுமே நல்ல பட்டறைக்காரர் ஒரே நாளில் சரிசெய்யக் கூடியவை. வளையும் பேனல் உரிந்தால் எந்தப் பட்டறையிலும் மருந்து கிடையாது.

கூரை வளைந்திருக்கிறதே, அதற்காக வளையும் பேனல் வாங்குகிறேன் என்பவர்களுக்கு: வளைத்துப் பொருத்திய பேனலில் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். தொடராக இணைத்த தகடுகளில் வெளிச்சம் குறைந்ததே எல்லாவற்றின் மின்னோட்டத்தையும் பிடித்து இழுக்கும். அதோடு, நம் ஊரில் ஏப்ரல் பின்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. தட்டையாகக் கிடக்கும் பேனலுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். வளைந்த கூரைக்கும் இரண்டு குறுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி பேனலைத் தட்டையாக வைக்கலாம்.

மேலே தூக்கித் திறக்கும் துணிக்கூரை, மிக மெல்லிய ஃபைபர் கூரை ஆகியவற்றுக்கு வளையும் பேனலைத் தவிர வழி இல்லாமல் போகலாம். அப்போதும் நேரடியாக ஒட்ட வேண்டாம். உள்ளே குழல் ஓடும் பாலிகார்பனேட் ஷீட்டின் மேல் பேனலை வைத்து, அந்த ஷீட்டைக் கூரையில் பொருத்தினால் குழல்களுக்குள் காற்று ஓடும். கெட்டுப்போனாலும் கூரையைச் சுரண்டாமல் கழற்றலாம். அமிர்திக் காடு போன்ற மரநிழலில் வண்டியை நிறுத்த நினைப்பவர்களுக்குக் கூரைப் பேனல் இரண்டு வகையுமே உதவாது. நீளமான ஒயரோடு வெயிலில் விரித்துவைக்கும் மடிப்புப் பேனல்தான் சரி.

வாங்கும்போது உத்தரவாதத் தாளைப் படியுங்கள். கண்ணாடி பேனலுக்கு 25 ஆண்டுக்கு மின் உற்பத்தி உத்தரவாதம் தருவது வழக்கம். வளையும் பேனலுக்கு அது பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து ஆண்டுதான். விற்பவரே தன் சரக்கின் ஆயுளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. ஆனால் அந்த 25 ஆண்டும் வீட்டுக் கூரையை நினைத்து எழுதியதாக இருக்கலாம். ஓடும் வண்டியில் பொருத்தினால் செல்லாது என்ற வரி பல தாள்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அது இல்லாத தாளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், வண்டியில் பொருத்தலாம் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.