புதிய தலைமையாசிரியருக்கு எது துணை: பயிற்சி வகுப்பா, மேலதிகாரியா, வழிகாட்டியா?

தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்று இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. நியமன ஆணை கைக்கு வந்த வாரத்தில் என் முன் நான்கு வழிகள் இருந்தன. பள்ளித் தலைமைக்கான பயிற்சி வகுப்பில் சேரலாம். என் பள்ளியை மேற்பார்வையிடும் அதிகாரியின் துணையோடு சமாளிக்கலாம். அனுபவம் மிக்க தலைமையாசிரியர் ஒருவரைத் தனி வழிகாட்டியாகக் கேட்டுப் பெறலாம். என்னைப் போலப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களோடு சேர்ந்து மாதம் ஒருமுறை கூடிப் பேசலாம். நான்கையும் ஓரளவு தொட்டுப் பார்த்தேன். என்னிடம் நிலைத்தது வழிகாட்டிதான். இன்று யாராவது என்னிடம் கேட்டால், மற்ற மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் வழிகாட்டியைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

துணை தேவையா என்ற கேள்வியில் நேரம் செலவிட வேண்டியதில்லை. பதினான்கு ஆண்டுகள் பாடம் நடத்திய அனுபவம் பாடம் நடத்தத்தான் கற்றுத் தந்திருந்தது. வரவுசெலவு, இருப்புப் பதிவேடு, பெற்றோர் புகார், விடுப்பு விண்ணப்பம், கழிப்பறைக் குழாய் எல்லாம் ஒரே நாளில் என் மேசைக்கு வந்துவிட்டன. நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

பயிற்சி வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பல நாடுகள் இதை மிகுந்த அக்கறையோடு கட்டியெழுப்பியிருக்கின்றன. சிங்கப்பூரில் பள்ளித் துணை முதல்வர்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களைத் தேசியக் கல்விக் கழகத்தில் பல மாத முழுநேரப் படிப்புக்கு அனுப்புகிறார்கள். அதில் ஒரு பள்ளிக்குள் சென்று புதிய முயற்சி ஒன்றை வடிவமைக்கும் பணியும் உண்டு. இங்கிலாந்தில் தலைமையாசிரியருக்கான தேசியத் தகுதிப் படிப்பு 1997இல் தொடங்கியது. 2009இல் முதன்முறை தலைமை ஏற்பவர்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது, 2012இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களோடு பள்ளித் தலைவர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது.

நான் சேர்ந்தது பத்து மாத வார இறுதி வகுப்பு. நிதி விதிகளையும், ஒழுங்கு நடவடிக்கையில் சட்டம் எதை அனுமதிக்கிறது எதை அனுமதிக்காது என்பதையும் அங்கேதான் தெளிவாகக் கற்றேன். இந்த இரண்டுக்கும் வகுப்பே சிறந்த இடம். வழிகாட்டி தன் காலத்து விதியை நினைவில் வைத்துக்கொண்டு தவறாகச் சொல்லிவிடக்கூடும்.

ஆனால் எனக்கு மிகவும் தேவைப்பட்ட ஒன்று வகுப்பிலிருந்து பள்ளிக்கு வந்து சேரவே இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பற்றி ஒரு சனிக்கிழமை முழுவதும் பேசினோம். தலைமையின் ஐந்து கூறுகளை எடுத்து, மாணவர் கற்றலோடு ஒவ்வொன்றுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் அளந்திருந்தார்கள். ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தானும் பங்கெடுக்கும் கூறுக்குத்தான் ஐந்திலும் மிக உயர்ந்த விளைவு அளவு, 0.84, கிடைத்தது. அந்த எண்ணை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் எங்கே உட்காருவது, எதில் தொடங்குவது என்று தெரியாமல் சுற்றறிக்கையை வாசித்துவிட்டு எழுந்து வந்தேன். ஆசிரியர் பயிற்சியைப் பற்றி புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்: கோட்பாடும் செய்முறை விளக்கமும் மட்டும் போதாது, வேலை செய்யும் இடத்திலேயே ஒருவர் உடனிருந்து தொடர்ந்து கைகொடுத்தால்தான் கற்றது பழக்கத்துக்கு வரும். தலைமையாசிரியர் வேலைக்கும் இது அப்படியே பொருந்துகிறது என்பதை நான் அனுபவித்துத்தான் உணர்ந்தேன்.

அப்படியானால் அருகிலேயே இருக்கும் மேலதிகாரி போதாதா? எனக்கு வாய்த்த அதிகாரி நல்லவர். தொலைபேசியை எடுப்பார், கோப்பு எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் தருவார். அவர் குணத்தில் எந்தக் குறையும் நான் காணவில்லை. ஆண்டு முடிவில் என் பணி மதிப்பீட்டை எழுதும் பேனா அவர் கையில் இருந்தது. எனக்குத் தெரியாததை அவரிடம் சொல்ல முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

இந்த ஒப்பீட்டில் என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்விதான்: என் அறியாமையை யாரிடம் அச்சமின்றித் திறந்து காட்ட முடிகிறது? மூன்றாவது மாதம் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். நான் இளம் ஆசிரியராக இருந்தபோது எனக்குக் கரும்பலகை வேலை சொல்லிக்கொடுத்தவர். அவருடைய வகுப்பில் மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். விளக்கம் அருமை. ஆனால் கடைசி இரண்டு வரிசைப் பிள்ளைகளின் நோட்டில் கணக்குகள் பாதியில் நின்றிருந்தன. மூன்று முறையும் "நன்றாக இருந்தது ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரம் மேலதிகாரி வந்தார். கணிதம் எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து என் வழிகாட்டி வந்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "பேச பயமாக இருக்கிறது அம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "கடைசி வரிசையிலிருந்து நான்கு நோட்டுகளைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த பிறகு, "நான்தான் அந்த ஆசிரியர். இப்போது பேசுங்கள்" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஏழு நிமிடம் பேசினேன். அவருடைய சேவையைப் புகழ்ந்தேன், பாடத்திட்டத்தின் சுமையைப் பற்றிச் சொன்னேன், நோட்டைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டாம் முறை நோட்டுக்கு வந்துவிட்டேன், ஆனால் குற்றம்சாட்டும் குரலில். மூன்றாம் முறைக்கு முன் அவர் சொன்னார்: "நோட்டுகளை முதலிலேயே மேசையில் விரித்து வையுங்கள். அவரே பார்க்கட்டும். பார்த்து முடிக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள்."

மறுநாள் அப்படியே செய்தேன். அந்த அமைதி என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஆசிரியர் நான்கையும் பொறுமையாகப் பார்த்தார். "பலகை நிறைந்ததும் அழித்துவிடுகிறேன். இவர்கள் எழுதி முடிப்பதற்குக் காத்திருப்பதில்லை" என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு எப்படிக் காத்திருப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசினோம். பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விட்டார். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் கணிதத்தில் தேறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நோட்டுகள் நிறைந்தன, இரண்டு பேர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். நானும் அன்றுமுதல் வகுப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்புவதில்லை.

நான் சொன்னது வழிகாட்டியை விட்டு வெளியே போகாது என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் இது நடந்தது. தொடக்கத்திலேயே இதை எழுத்தில் வைத்துக்கொண்டோம். மேலதிகாரிக்குப் போகும் தாளில் சந்தித்த தேதியும் நேர அளவும் மட்டுமே இருக்கும். பிள்ளைகளின் பாதுகாப்பு தொடர்பான எதுவும் இந்த ரகசியத்துக்குள் வராது, அதை உடனே உரிய இடத்துக்குத் தெரிவிப்போம். வழிகாட்டி என் மதிப்பீட்டில் கருத்துச் சொல்ல மாட்டார், கேட்டாலும் மறுத்துவிடுவார். இந்த வரிகள் இல்லாமல் வழிகாட்டியை அமர்த்தினால் அவர் இன்னொரு மேலதிகாரியாகிவிடுவார். நிர்வாகம் ஒருவரை நியமித்துத் தந்தால், முதல் சந்திப்புக்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரி வழி எங்குமே பலிக்காது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளை 2014இல் தொடங்கிய ஒரு முயற்சியில், ஆறு பெரிய கல்வி மாவட்டங்கள் மேற்பார்வையாளர்களின் வேலையை விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று சரிபார்ப்பதிலிருந்து, கற்பித்தலை மேம்படுத்தத் தலைமையாசிரியருக்குத் துணை நிற்பதை நோக்கி மாற்றின. ஒருவர் பொறுப்பில் சராசரியாகப் பதினேழு தலைமையாசிரியர்கள் இருந்த நிலையைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். மதிப்பீடு செய்பவரும் கைகொடுக்க முடியும் என்ற நம்பிக்கையில் நடந்த மாற்றம் அது. அப்படி நேரமும் பயிற்சியும் உள்ள மேலதிகாரி கிடைத்தால் என் கணக்கு சற்று மாறலாம். என் அதிகாரியிடம் அந்த நேரம் இல்லை.

வழிகாட்டலை நிறுவன அளவில் எடுத்துச் செல்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் புதிய பள்ளி முதல்வர்களுக்கும் துணை முதல்வர்களுக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் வழிகாட்டி ஏற்பாடு செய்திருக்கிறது. கலிபோர்னியாவில் பள்ளி நிர்வாகிக்கான முழுச் சான்று பெற, இரண்டு ஆண்டு அறிமுகக் காலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 40 மணி நேரம் தனிப்பட்ட பயிற்றுநரோடு பணியாற்ற வேண்டும். இந்த 40 மணி நேரம் எனக்கு நல்ல அளவுகோலாகத் தெரிகிறது. நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பள்ளி தொடங்குவதற்கு முன்பிருந்து இரண்டு பாடவேளை முடியும்வரை சந்தித்தோம். ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்துவிடும். பள்ளியிலேயே சந்திப்பது முக்கியம். வெளியே சந்தித்தால் நான் சொல்லும் கதையை மட்டும்தான் அவர் கேட்பார். பள்ளிக்கு வந்தால் நான் சொல்ல மறந்ததையும் பார்ப்பார்.

வழிகாட்டலில் குறைகளும் உண்டு. முதலில் எனக்குக் கிடைத்த வழிகாட்டி வேறொருவர். அன்பானவர், ஆனால் எந்தச் சிக்கலைச் சொன்னாலும் "என் பள்ளியில் நான் என்ன செய்தேன் தெரியுமா" என்று தொடங்குவார். அவருடைய பள்ளி என் பள்ளியைப்போல் மூன்று மடங்கு பெரியது, துணைத் தலைமையாசிரியர்கள் இருவர் உண்டு. என் பள்ளிக்குப் பொருந்தாத விடைகளோடு இரண்டு மாதம் ஓடியது. மாற்றிக்கொள்ள வழி இருந்ததால் தப்பித்தேன். இரண்டாம் மாதத்தில் இருவரில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று முதலிலேயே எழுதி வைப்பது நல்லது. பள்ளியை விட்டு விலகி நெடுங்காலமாகாதவரைப் பாருங்கள். எப்போது நேரடியாகச் சொல்ல வேண்டும், எப்போது கேள்வியோடு நிறுத்த வேண்டும் என்று பயிற்சி பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது. சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் நிற்பவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவர் எரிச்சலடைவார்.

சக தலைமையாசிரியர் வட்டத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. நான்கு கூட்டங்களுக்குத்தான் போனேன். தனிமை குறைந்தது, ஒரு நல்ல கால அட்டவணை மாதிரியும் கிடைத்தது. ஆனால் எல்லோரும் முதல் ஆண்டுக்காரர்கள் என்பதால் ஒரே இடத்தில் எல்லோரும் தடுமாறினோம். மூன்றாம், நான்காம் ஆண்டில் இருப்பவர்கள் இருவர் அதில் இருந்திருந்தால் வேறு அனுபவமாக இருந்திருக்கலாம். காணொளி வழியாக நடக்கும் வழிகாட்டலை நான் முயன்று பார்த்ததில்லை. தொலைதூரப் பள்ளிகளுக்கு அதைவிட்டால் வழியும் இருக்காது.

நிதி விதிகளும் சட்டமும் அடியோடு தெரியாதவர் என்றால், பொறுப்பேற்கும் முன்பே வகுப்பை முடித்துவிடுங்கள். பொறுப்பேற்ற பிறகு வார இறுதியை அதற்குக் கொடுத்தது எனக்கு மிகவும் பாரமாக இருந்தது, வீட்டில் உள்ளவர்களுக்கு இன்னும் பாரமாக இருந்தது. வகுப்பு மட்டுமே கிடைக்கும் நிலை என்றால், அங்கே உங்களோடு படிக்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்கும் மாறி மாறிப் போய்வாருங்கள். வழிகாட்டியின் பாதிப் பயன் அதில் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

இப்போது நாங்கள் மாதம் ஒருமுறை மட்டும் சந்திக்கிறோம். எழுதப்பட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவராகவே வருகிறார். ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய நாள் ஒரே ஒரு சிக்கலை நான்கு வரியில் எழுதி அனுப்பும் பழக்கம் மட்டும் தொடர்கிறது. இந்த மாதத்துக்கு எழுதி வைத்திருப்பது அந்தக் கணித ஆசிரியரைப் பற்றித்தான். அடுத்த ஆண்டு ஓய்வுபெறப் போகிறார். அதற்குள் இரண்டு இளம் ஆசிரியர்களை அவர் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.