பிளானிங் போக்கர் சீட்டுக்கட்டு: டெஸ்டர் கையிலும் ஒரு செட் இருக்கட்டும்

ஒரு மென்பொருள் வேலை எவ்வளவு பெரியது என்று டீமே சீட்டு காட்டி மதிப்பிடும் முறை பிளானிங் போக்கர்; ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் வகுத்தது. அதற்கான கட்டு இது. ஆளுக்கு 13 சீட்டு: 0, ½, 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100, கேள்விக்குறி (தெரியவில்லை), காபிக் கோப்பை (இடைவேளை).

ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லாரும் ஒரே நொடியில் திருப்புவதுதான் இதன் உயிர். சீனியர் சொன்ன எண்ணுக்குத் தலையாட்ட வழியில்லை. டெவலப்பர் 3, டெஸ்டர் 13 காட்டினால் அங்கேதான் பேச்சு தொடங்க வேண்டும். டெஸ்ட் டேட்டா தயாரிப்பு, ரெக்ரஷன் (பழைய வசதிகள் கெடவில்லையா என்ற சோதனை), பக் சரிசெய்தபின் மறுசோதனை எல்லாம் பெரும்பாலும் அந்த 3-க்குள் இருக்காது. சராசரி பார்த்து 8 போடுவது பெருந்தவறு. காரணம் கேட்டு மறுபடி திருப்புங்கள். டெஸ்டிங்குக்குத் தனிப் புள்ளி வேண்டாம். ஸ்டோரிக்கு (மதிப்பிடும் வேலைத்துண்டுக்கு) ஒரே எண். 40 வந்தால் ஸ்டோரியை உடையுங்கள்.

ஆளுக்கொரு ஊரிலிருக்கும் டீமுக்கு இந்தக் கட்டு உதவாது. நேரில் கூடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம்.