பேரூராட்சி நாய்ச் சேவை: ஊசியை நம்பிப் போகலாம், கருத்தடையைக் கேட்டு வாங்க வேண்டும்

மதுரையைச் சுற்றியுள்ள சிறிய ஊர்களில் நாய் வளர்ப்பவருக்கும் நாயைக் கண்டு பயப்படுபவருக்கும் அரசு தரும் சேவை மூன்று. வளர்ப்பு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி, தெருநாய்க்குக் கருத்தடை, கடிபட்ட மனிதருக்கு ஆஸ்பத்திரி ஊசி. மூன்றும் மூன்று துறையின் கையில் இருக்கின்றன. முதலாவது கால்நடை பராமரிப்புத் துறை, இரண்டாவது பேரூராட்சி, மூன்றாவது சுகாதாரத் துறை. மாட்டாஸ்பத்திரியில் போய் "தெருவுல நாய்த் தொல்லை, பிடிச்சிட்டுப் போங்க" என்றால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. பேரூராட்சி ஆபீசில் போய் "என் நாய்க்கு ஊசி போடணும்" என்றாலும் அதே கதைதான். நிறையப் புகார்கள் தப்பான வாசலில் நின்றே காலாவதியாகின்றன.

தடுப்பூசி: 5க்கு 4

அரசு கால்நடை மருந்தகத்தில் போடும் வெறிநோய் ஊசியைத் தயங்காமல் நம்பலாம். காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் டாக்டர் சினை ஊசிக்கோ கிராமத்து மாட்டைப் பார்க்கவோ கிளம்பியிருப்பார். கோமாரி தடுப்பூசிச் சுற்று நடக்கும் வாரங்களிலும், ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குத் தகுதிச் சான்று பார்க்கும் மார்கழிக் கடைசி, தை மாதத்திலும் நாய்க்காக ஆளைப் பிடிப்பது கஷ்டம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டி இலவச முகாம்கள் நடக்கும், அப்போது போவதுதான் எளிது.

தனியாக நாயைக் கூட்டிப் போகிறவருக்கு "இன்னும் நாலஞ்சு நாய் சேரட்டும், வாங்க" என்று பதில் வருவதுண்டு. இதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். மருந்து பெரும்பாலும் 10 டோஸ் புட்டியில் வருகிறது, ஒரு நாய்க்கு 1 மில்லி. ஒரு தடவை ஊசி குத்தித் திறந்த புட்டியை அடுத்த வாரம்வரை வைத்துப் போடக் கூடாது. ஒரே நாய்க்குத் திறந்தால் மிச்சம் ஒன்பது டோஸ் குப்பைக்குப் போகும். தெரு வாட்ஸ்அப் குழுவில் சொல்லி எட்டுப் பத்து நாயைச் சேர்த்துக்கொண்டு, முதல் நாளே மருந்தகத்தில் சொல்லிவிட்டுப் போனால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

முகாமில் கண்ணில் பட வேண்டியது ஐஸ் பெட்டி. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடுவதைப் போலவே உறைந்தாலும் இது கெட்டுவிடும், பலருக்குத் தெரியாத விஷயம் இது. புட்டி நேரே ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்தால் கேளுங்கள். நல்ல முகாமில் புட்டிகள் துணியிலோ அட்டையிலோ சுற்றி, குளிர்ந்த ஜெல் பைகளுக்கு நடுவில் நிற்கும். ஊசி போட்டதும் புட்டியின் ஸ்டிக்கரை உரித்து உங்கள் நாயின் அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, அடுத்த ஊசித் தேதி, டாக்டர் கையெழுத்து நான்கும் இருந்தால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு. பின்னால் உங்கள் நாய் யாரையாவது பிறாண்டி வழக்கு என்று வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்குவது, வாந்தி எடுப்பது போன்ற ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனால் வந்தால் அந்த நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், முகாம் மைதானத்தில் குட்டிகளையும் பெரிய நாய்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்கான ஊசி முடியாத குட்டியைத் தரையில் விட்டால், வெறிநோய் ஊசி வாங்கப் போன இடத்தில் ரத்தக் கழிச்சலை வாங்கி வந்ததாக ஆகிவிடும். குட்டியை மடியிலேயே வைத்திருங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு நாய் நோய்களுக்கான கூட்டு ஊசி பெரும்பாலும் அரசு இருப்பில் இருக்காது. வெளியே வாங்கித்தான் போட வேண்டும். பிறந்து 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில், ஒரு மாதம் கழித்து பூஸ்டர், அதற்குப் பின் வருடம் ஒன்று. மதுரையில் வாங்கி பஸ்ஸில் கொண்டு வருபவர்கள் சட்டைப்பையிலோ வண்டி டிக்கியிலோ வைத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் வந்து சேரும்போது அது வெறும் தண்ணீர். வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மருந்தைத் தனி டப்பாவில் வைத்து எடுத்து வாருங்கள்.

அடிபட்ட மாடு, நாய்க்கு 1962க்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். வரும் நேரம் அன்றைக்கு வண்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எலும்பு முறிவு, பெரிய அறுவை என்றால் காத்திருக்காமல் மதுரை தல்லாகுளத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே மேல்.

தெருநாய் கருத்தடை: 5க்கு 2

இங்கேதான் பணம் செலவாகியும் பலன் கண்ணில் படுவதில்லை. விதி தெளிவாகவே இருக்கிறது. 2001இன் நாய் கருத்தடை விதிகளுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. செய்யும் அமைப்புக்கு இந்திய விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம் வேண்டும். அறுவை அறை, தனித்தனிக் கூண்டு, வண்டி, டாக்டர் எல்லாம் இருக்க வேண்டும். மதுரை மாநகராட்சிக்குச் செல்லூரிலும் வெள்ளக்கல்லிலும் மையம் உண்டு. பேரூராட்சிக்கு அப்படிச் சொந்த மையம் கட்டும் வருமானம் கிடையாது. அதனால் ஒப்பந்த அமைப்பு ஒன்றை அழைத்துச் சில நாள் பிடிக்கிறார்கள். அந்தச் சில நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விடிவதற்கு முன், தெருவில் டீக்கடை மட்டும் திறந்திருக்கும் நேரத்தில் வலை வண்டி வருகிறது. வலை அல்லது கை மட்டும்தான் பயன்படுத்தலாம். கழுத்தை இறுக்கும் இடுக்கி, கம்பிச் சுருக்கு இரண்டும் கூடாது. பிடித்ததும் கூண்டில் ஒரு சீட்டு: தெருப்பெயர், அடையாளம், ஆணா பெட்டையா, தேதி. பிறகு பட்டினி போட்டு அறுவை, அது முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு, தடுப்பூசி, குறைந்தது 4 நாள் கவனிப்பு, பிடித்த இடத்திலேயே விடுவது.

முதல் ஓட்டை, ஆண் நாய்களாகவே பிடிபடுவது. பிஸ்கட்டைக் கண்டு வாலை ஆட்டிக்கொண்டு வருவது ஆண்தான். குட்டி போட்டுப் பழகிய பெட்டை வண்டிச் சத்தம் கேட்டதுமே கருவேலங்காட்டுக்குள் போய்விடும். எண்ணிக்கைக் கணக்குக்கு ஆண் ஒன்றும் ஒன்று, பெட்டை ஒன்றும் ஒன்று. ஆனால் பத்து நாய் உள்ள தெருவில் ஆண் ஆறையும் அறுத்துவிட்டு பெட்டை ஒன்றை விட்டாலும், அடுத்த தெரு ஆண் வந்து சேரப் போகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், ஓர் ஈற்றுக்கு நாலைந்து குட்டி, வருடத்துக்கு இரண்டு ஈற்றுகூட ஆகலாம். ஒப்பந்தத்திலேயே பெட்டைக்குக் குறைந்தபட்ச விகிதம் எழுதச் சொல்லிக் கவுன்சிலரைக் கேளுங்கள். வீட்டு வாசலில் சோறு வைக்கிற பாட்டிமார் கூட வந்து நின்றால் பெட்டையைப் பிடிப்பது சுலபம். பெயர் சொல்லிக் கூப்பிட அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது, பேசப்படுவதோ குறைவு. 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியையும், பால் கொடுக்கும் தாயையும் பிடிக்கக் கூடாது. விதி சரியானதுதான், காரணமும் சரியானதுதான். ஆனால் அன்றைக்கு விட்டு வைத்தவற்றைத் தேடி யார் திரும்பி வருவது? பணி ஆணையில் இரண்டாம் சுற்று என்று ஒரு வரி இருப்பதில்லை. ஆறு மாதத்தில் அந்தக் குட்டியே பருவத்துக்கு வந்துவிடுகிறது. முதல் சுற்றுக்குச் செலவழித்த பணத்தைக் காப்பாற்றுவது இந்த இரண்டாம் சுற்றுதான்.

மூன்றாவது, ஊர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது. எல்லா வார்டு உறுப்பினரையும் திருப்திப்படுத்த வார்டுக்கு ஐந்து என்று பங்கு போட்டால் ஒரு தெருவிலும் வேலை முடியாது. வெறிநோய் பரவாமல் தடுக்க ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி இருக்க வேண்டும், கருத்தடைக்கும் அதே அளவைத்தான் குறியாகச் சொல்கிறார்கள். ஒரு வார்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போவதே வழி. "எங்க வார்டுக்கு எப்போ" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்தால் எல்லோருக்கும் நல்லது.

சீட்டு எழுதுவதில் நடக்கும் கவனக்குறைவையும் சொல்லியாக வேண்டும். "பஸ் ஸ்டாண்டு" என்று மட்டும் எழுதினால் நாய் எந்தப் பக்கத்தது என்று தெரியாது. வேறு கூட்டத்தின் எல்லையில் இறக்கிவிடப்பட்ட நாய் அன்றிரவே கடிபடும், பயத்தில் மனிதரையும் கடிக்கும். தையல் காயாமல் நாயை விட்டிருந்தாலும் தெரிந்துவிடும்: அறுவைக் காயம் சிவந்து, ஈ மொய்த்து, ஓரம் பிரிந்திருந்தால் நாள் குறைத்திருக்கிறார்கள். படம் எடுத்து அன்றைக்கே பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு அனுப்புங்கள்.

"பிடிச்சிட்டுப் போய் எங்கேயாவது விடுங்க" என்று கேட்பவருக்கு: உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 ஆணையில், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயை அதே பகுதியில் விடச் சொன்னது. வெறிநோய் உள்ளது, இருப்பதாகச் சந்தேகிப்பது, மூர்க்கமாக நடப்பது மட்டும் விலக்கு. அதே ஆண்டு நவம்பர் 7 ஆணையில் பள்ளி, ஆஸ்பத்திரி, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. ஆகவே பள்ளி வளாகத்து நாய்க்கு ஒரு மனு, தெரு நாய்க்கு வேறு மனு.

கடி ஊசி: 5க்கு நாலரை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். சிறிய நிலையத்தில் அது இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள், அன்றைக்கே போங்கள். அதற்கு முன் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால், அதற்கு வெறிநோய் இருக்கிறதா என்று 10 நாள் கவனித்துப் பார்க்கும் வாய்ப்பே போய்விடுகிறது.

வளர்ப்பவர்கள்

பேரூராட்சியைத் திட்டும் நம் தெருக்களில், பகலில் திண்ணையிலும் இரவில் ரோட்டிலும் இருக்கும் நாய்களுக்கு வீடு இருக்கிறது. அவற்றை வலை வண்டி தொட முடியாது, வந்தால் வீட்டுக்காரர் ஓடிவந்து "இது எங்க நாய்" என்பார். பெட்டைக் குட்டி என்றால் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் விடுவதும் நம்மவர்தான். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இன்படி அது குற்றம். உங்கள் நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு பாயும்: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வீட்டுப் பெட்டைக்கு 6 மாதத்துக்கு மேல், பருவத்துக்கு வராத சமயத்தில் கருத்தடை செய்யுங்கள். டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து சோறு கிடையாது, தையல் பிரிக்கும்வரை சுமார் 10 நாள் கழுத்தில் கூம்பு. பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து உயிருக்குப் போராடும் நிலை வராது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் இன நாய்களை வாங்குபவர்களுக்கு ஒன்று: இவை ஓடப் பிறந்தவை. ஆறடிச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டினால் குணம் மாறும், அப்புறம் கடிக்கிறது என்று புகார் சொல்வதில் நியாயமில்லை.

உண்ணிக்கு மருந்து போட்டும் போகவில்லை என்பவர்கள் சுவரைப் பாருங்கள். நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான், முட்டையும் குஞ்சும் சுவர் வெடிப்பிலும் கட்டும் இடத்துச் சாக்கிலும் இருக்கும். வெடிப்பைச் சிமெண்டால் அடைத்து, சாக்கை எரித்துவிட்டு, பிறகு மருந்து போடுங்கள். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட வேண்டவே வேண்டாம், பெர்மெத்ரின் கலந்திருந்தால் செத்துப்போகும்.

கோழிக்கடைக் கழிவு வாய்க்காலில் விழுந்துகொண்டிருக்கும்வரை நாய் குறையாது. அதற்கான புகாரையும் கருத்தடை மனுவோடு சேர்த்தே கொடுங்கள்.

மனுவில் வார்டு எண், தெரு, நாய்களின் எண்ணிக்கை, காதில் வெட்டு இல்லாத பெட்டை எத்தனை, பால் கொடுக்கும் தாய் எத்தனை, கடி நடந்த தேதி, காலை எத்தனை மணிக்கு எங்கே படுத்திருக்கும் என்று எழுதுங்கள். செயல் அலுவலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நகர்வு இல்லையென்றால் முதல்வர் உதவி எண் 1100, அதன் பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நாய்கள் கூடும் காலம், தை, மாசியில் தெருவெல்லாம் குட்டி. மழை தொடங்கிவிட்டால் கூண்டுகளில் காயம் ஆறுவதும் தாமதமாகும். ஆடியிலேயே மனுவைக் கொடுத்தால்தான் ஆவணி, புரட்டாசிக்குள் வண்டி வரும்.