ஒரே இயக்குநர், இரண்டு பாதைகள்: ‘வால்-ஈ’யும் ‘ஃபைண்டிங் டோரி’யும்

அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோவான பிக்சாரில் ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கிய படங்களில் 2008-இல் வந்தது ‘வால்-ஈ’. 2016-இல் வந்தது ‘ஃபைண்டிங் நீமோ’வின் தொடர்ச்சியான ‘ஃபைண்டிங் டோரி’. இரண்டுக்கும் செலவு ஏறத்தாழ 20 கோடி டாலர். துணிந்து எடுத்த படத்தையும் ஃபார்முலாப் படத்தையும் ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம்.

வசூலில் போட்டியே இல்லை. டோரி உலகெங்கும் 100 கோடி டாலரைத் தாண்டியது. வால்-ஈ 50 கோடியைச் சற்றே கடந்தது. விருது என்று பார்த்தால் தலைகீழ். வால்-ஈ சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது; டோரி அந்தப் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை.

வால்-ஈயின் முதல் அரைமணி நேரத்தில் வசனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. குப்பை மலைகள், துருவேறிய ஒரு ரோபோ, ஒரு கரப்பான்பூச்சி, ஒரு பழைய வீடியோ கேசட். அதில் இருவர் கைகோத்துக்கொள்வதைப் பார்த்து ரோபோவும் தன் கைகளைக் கோத்துப் பார்க்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ ரோபோவுக்குக் குரல் உருவாக்கிய பென் பர்ட்தான் இதற்கும் ஒலி அமைத்தார். பாதிப் படத்தை அந்தச் சத்தங்களே தாங்குகின்றன. ஆனால் விண்கலத்துக்குள் போனதும் துரத்தல், வில்லன் கணினி, கடைசி நேர மீட்பு என்று படம் பழகிய தடத்துக்கு வந்துவிடுகிறது. துணிச்சல் பாதிவரைதான்.

டோரியைச் சோம்பேறிப் படம் என்று ஒதுக்கவும் முடியாது. தொலைந்துபோன மறதிக்காரக் குழந்தையான டோரி மீன் என்றாவது வழி கண்டுபிடித்து வரும் என்று பெற்றோர் சிப்பிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் காட்சி போதும், அழ வைத்துவிடும். அப்புறம் ஆக்டோபஸ் லாரி ஓட்டுகிறது, சரி விடுங்கள். அந்தப் படத்துக்கு முன் தியேட்டரில் ஓட்டிய ‘பைப்பர்’ குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. பிக்சார் அன்று புதிதாக முயன்று பார்த்தது அந்த ஆறு நிமிடத்தில்தான்.

என் ஓட்டு வால்-ஈக்குத்தான். ஆனால் 2003-இல் ஸ்டான்டன் இயக்கிய ‘ஃபைண்டிங் நீமோ’ சம்பாதித்துக் கொடுத்த மதிப்பு இல்லாமல், பேசாத ரோபோவுக்கு யார் இவ்வளவு பணம் கொட்டியிருப்பார்கள்?

இன்று தராசு தொடர்ச்சிப் படங்களின் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. 2024-இல் ‘இன்சைட் அவுட் 2’ 160 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. மறு ஆண்டே புதுக்கதையான ‘எலியோ’, பிக்சார் வரலாற்றிலேயே மிக மோசமான தொடக்க வசூலைப் பார்த்தது. பழியை ரசிகர்கள்மேல் மட்டும் போடக் கூடாது. ‘சோல்’, ‘லூகா’, ‘டர்னிங் ரெட்’ மூன்றையும் நேரே டிஸ்னி பிளஸ் ஓடிடியில் விட்டு, புதுக்கதை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம் என்று பழக்கியது ஸ்டூடியோதான். நான்கு பேருக்கு டிக்கெட் எடுக்கும் அப்பா, தெரிந்த பெயரைத்தானே தேடுவார்?

தெரிந்த பெயரும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. ‘டாய் ஸ்டோரி’ பெயரை நம்பி வந்த ‘லைட்இயர்’ 2022-இல் நஷ்டப்பட்டது. மறுபக்கம், 2023-இல் புதுக்கதையான ‘எலமென்டல்’ மந்தமாகத் தொடங்கி, வாய்வழிப் பேச்சிலேயே 50 கோடி டாலரை நெருங்கியது. அந்தப் பேச்சு பரவப் பல வாரங்கள் பிடித்தன. அதுவரை படத்தைத் தியேட்டரில் விட்டு வைத்தார்கள்.