பன்றி உரிக்க எந்தக் கத்தி: மடக்குக் கத்தியா, கார்பனா, மோராவா?

போன வருஷம் வரை என் பையில் இருந்தது ஒரு மடக்குக் கத்தி. அதை விட்டுக் கார்பன் எஃகுக்கு மாறினேன், சில மாதங்களில் அதையும் விட்டேன். இப்போது இடுப்பில் இருப்பது மோரா கம்பெனியின் கம்பேனியன் என்ற கத்தி, ஸ்டெயின்லெஸ் அலகு. மூன்றையும் ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்தினேன். மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் மாமா சுடும் காட்டுப்பன்றிக்கு. துப்பாக்கி லைசென்ஸும் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் உரிமமும் அவரிடம். குடல் எடுப்பதும் தோல் உரிப்பதும் என் பங்கு.

புதிதில் மூன்றுமே நன்றாக வெட்டும். நீளம் நான்கு அங்குலத்தை ஒட்டி இருந்தால் போதும். அதற்கு மேல் போனால், வயிற்றுக்குள் நுனி எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. குடலோ மூத்திரப்பையோ கிழிந்தால் இறைச்சி வீணாகும். எலும்பு வெட்டப் பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்தி இருக்கிறது.

ஆக, எனக்குத் தேர்வை முடிவு செய்தது பராமரிப்புதான். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். இரவில்கூட இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. சுட்ட பன்றியின் வயிற்றை உடனே திறந்து சூட்டை வெளியேற்றாவிட்டால் இறைச்சி கெடத் தொடங்கிவிடும். அந்த அவசரத்தில் வேலை முடித்து, பங்கு பிரித்து, பட்டர்வொர்த் வந்து சேர விடிகாலை நான்கு மணி. அந்த நேரத்தில் கத்திக்கு நான் என்ன செய்வேன் என்பதுதான் கேள்வி. உண்மையைச் சொன்னால், குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பேன். அவ்வளவுதான்.

மடக்குக் கத்திக்கு அது போதாது. பக் 110 போன்ற கத்திகளை அமெரிக்க வேட்டைக்காரர்கள் 1960களிலிருந்து இடுப்பில் கட்டி வருகிறார்கள். பித்தளையும் மரமும் சேர்ந்த அழகான வேலைப்பாடு. என்னுடையது வேறு கம்பெனி, அமைப்பு மட்டும் அதே மாதிரி. இரத்தமும் கொழுப்பும் மூட்டுக்குள் இறங்கிவிடும். பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன், சுத்தம் என்றே நினைத்தேன். மூன்று நாள் கழித்துத் திறந்தபோது பிண வாடை அடித்தது, உள்ளே துரு. கொழுப்புக் கையோடு இருட்டில் அதை மடக்குவதும் ஆபத்து.

கார்பனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். ஆனால் கழுவியதும் காய வைத்து எண்ணெய் பூச வேண்டும். ஒரு தடவை தவறினேன், காலையில் ஆரஞ்சுப் புள்ளிகள். தோல் உறையில் பூஞ்சணம் வேறு. மாமாவின் தலைமுறை தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தது. உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் கார்பனே போதும், மாற வேண்டாம்.

மோராவுக்கு வருகிறேன். சுவீடனில் 1891இல் தொடங்கிய கத்திப் பட்டறையின் வழி வந்தது. 12சி27 என்ற எஃகு, அதில் துருவைத் தடுக்கும் குரோமியம் 13.5 சதவீதம் அளவு. அலகின் தடிமன் 2.5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் உறை, ரப்பர் பிடி. இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதும். ஈரத்தோடு உறையில் செருகினால் இதிலும் புள்ளி விழும், ஆனால் ஒரு நாள் மறதியை மன்னிக்கும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது தீட்டும் வேலை. பன்றி சேற்றில் புரளும் மிருகம். மயிரெல்லாம் காய்ந்த மண். எந்த எஃகானாலும் அந்த மண்ணில் மழுங்கும். அதனால் தோலுக்கு அடியில் கத்தியை நுழைத்து, உள்ளிருந்து வெளியே கீற வேண்டும். அப்படிச் செய்தும் ஒரு பன்றிக்கு இரண்டு தடவையாவது தீட்டுகிறேன். மோராவின் வெட்டுவாய்ச் சரிவு அகலமானது. அந்தச் சரிவைக் கல்லில் அப்படியே படிய வைத்துத் தள்ளினால் கோணம் தானாக அமைகிறது. தலைவிளக்கு வெளிச்சத்தில், களைத்த கையோடு, அதுதான் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. அலகின் வயிறு, அதாவது நுனியை ஒட்டிய வெட்டுவாய், போதிய அளவு வளையவில்லை. முதுகுத் தோலை நீளமாக வழிக்கும்போது, இறைச்சிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் வளைந்த உரிப்புக் கத்தி இன்னும் சுலபம். வெட்டுவாய் மெல்லியது என்பதால் எலும்பில் நெம்பினால் மடங்கும்.

அலகு மாற்றும் ஹாவலான் வகையை ஒரே ஒரு தடவை, தீபாவளி ஆட்டில் பிடித்துப் பார்த்தேன். தோலில் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூட்டில் திருகினால் மெல்லிய அலகு உடைந்து துண்டு இறைச்சிக்குள் தங்கிவிடுமோ என்ற பயம் கடைசிவரை இருந்தது. ஒரு ஆட்டை வைத்து இதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

மோரா வாங்குவதென்றால் ஆரஞ்சுப் பிடியாகப் பார்த்து வாங்குங்கள். என் முதல் மோரா பச்சை. வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள் மேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் தேடினோம், பன்றி ஒரு பக்கம் சூடாகக் கிடந்தது.