டிரைக்கோடெர்மா விரிடி பொடி: சூரியகாந்தி வேரழுகலுக்கு வாங்கலாமா?

வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் மார்கழிப் பட்டத்தில் சூரியகாந்தி போடுபவர்கள் விதையோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டிய பொருள் இது. டிரைக்கோடெர்மா விரிடி என்பது கெட்ட பூசணங்களை அடக்கும் நல்ல பூசணம்; டால்க் மாவில் கலந்து ஒரு கிலோ பாக்கெட்டாகக் கிடைக்கிறது. வேரழுகல் வராமல் தடுக்க நல்ல பொருள். செடி வாடிய பிறகு வாங்கிப் போட்டால் காசுதான் தண்டம்.

மார்கழியில் விதைத்தது பூத்து மணி பிடிக்கும்போது மாசி, பங்குனி வெயில் ஏறிவிடும். கிணற்றில் தண்ணீரும் இறங்கும். வேரழுகலை உண்டாக்கும் மேக்ரோஃபோமினா பூசணத்துக்கு அதுதான் தோதான நேரம். நன்றாக நின்ற செடி திடீரென்று வாடும், அடித்தண்டு சாம்பல் நிறமாகிக் கறுக்கும். அந்தத் தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உட்சோறு சுருங்கி, மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மேக்ரோஃபோமினாதான், சந்தேகமே வேண்டாம். தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகளவு பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்ற வேறு பூசணம், ஈரம் மிஞ்சினால் வருவது. இரண்டையும் குழப்பினால் பாய்ச்சலே தலைகீழாகிவிடும். பிடிபடவில்லையென்றால் செடியை வேரோடு பிடுங்கி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

அளவு: கிலோ விதைக்கு 4 கிராம். ஆறிய கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் தெளித்துப் பொடியைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, விதைத்த 30-ம் நாள் மண்ணில் ஈரம் இருக்கும்போது போட வேண்டும். காய்ந்த மண்ணில் தூவினால் இந்த நல்ல பூசணம் வளராது.

"போட்டேன், கேட்கவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது விதையில்தான். வீரிய ஒட்டு விதை பல நேரம் மருந்து பூசிச் சாயத்தோடு வரும். பூசணக்கொல்லி கெட்ட பூசணத்தோடு இந்த நல்ல பூசணத்தையும் கொல்லும். அப்படிப்பட்ட விதைக்குப் பொடி பூசாமல், தொழுவுரத்தோடு மண்ணில் மட்டும் போடுங்கள். ரசாயன உரத்தோடும் கலக்க வேண்டாம்.

கடையில் தயாரிப்புத் தேதியைப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே இருப்பது உயிர். நாலைந்து மாதம் தாண்டினால் வீரியம் குறையும், வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்தால் அதற்கும் முன்பே போய்விடும். கட்டி தட்டிய பாக்கெட்டும் வேண்டாம்.

அங்கங்கே செடி வாட ஆரம்பித்துவிட்டதா? லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் பூசணக்கொல்லி கரைத்து, வாடிய இடத்திலும் சுற்றியுள்ள செடிகளின் அடியிலும் ஊற்றுங்கள். வாடியது பிழைக்காது, பக்கத்துச் செடிக்குப் பரவுவது குறையும். பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் பாய்ச்சல் தவறக்கூடாது. இதைச் செய்யாமல் பொடியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அறுவடை முடிந்ததும் நோய்ப்பட்ட தாளை மடக்கி உழாமல் பிடுங்கி எரித்துவிடுங்கள். அடுத்து நிலக்கடலையோ உளுந்தோ வேண்டாம், இந்தப் பூசணம் அவற்றையும் பிடிக்கும். தண்ணீர் வசதி இருந்தால் ஒரு போகம் நெல் வையுங்கள். சேற்றில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணிலுள்ள பூசண வித்துகள் குறையும்.